கடுகண்ணாவையில் நின்ற தம்பி

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒக்டோபர் மாதத்து அடைமழையில், மடவளையில் எங்கள் உம்மாவின் வீட்டில். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் நான் பிள்ளைகளோடு இருக்கிறேன். அதே குசினி, அதே அரிசி டின். அந்த அரிசி டின்னைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

என் தம்பி கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். வியாழக்கிழமை பின்னேரம் புறப்பட்டு ஊருக்கு வருவான். அவன் பஸ் ஏறின நேரத்திலிருந்து உம்மா போனும் கையுமாகத்தான் இருப்பார். "எங்க வார மகன்?" "இப்ப எங்க?" என்று கேட்டுக்கேட்டு அவனைத் தூங்கவும் விடமாட்டார். ஒருநாள் அவனுக்கு அலுத்துப்போய், எங்கள் வீட்டு வட்ஸ்அப் குரூப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டான். "இனி என்னக் கேக்க வேணாம் உம்மா. இதுல பாத்துக்கோங்க. நான் போற வழியெல்லாம் அது காட்டும்" என்றான்.

தப்பித்துக்கொண்டேன் என்று நினைத்தான், பாவம். அவனுடைய முகம் ஒரு சின்ன வட்டத்துக்குள் கண்டி றோட்டில் நகர்ந்து வருவதைக் கண்டதும் உம்மாவுக்கு அது பெரிய புதினமாகிவிட்டது. குசினியில் அரிசி டின்னின் மேல்தான் நெட்வர்க் நன்றாக வரும். அங்கே போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் வெட்டிக்கொண்டே பார்ப்பார். "வரக்காப்பொல தாண்டிட்டான்" என்பார். "கேகாலையில நிக்கிறான், பஸ்ஸுக்கு ஆக்கள் ஏத்துறாங்க போல" என்பார். கடுகண்ணாவை ஏற்றத்தில் வட்டம் ஏறத் தொடங்கியதும் "அரிசியக் களை மகள்" என்று எனக்கு உத்தரவு வரும். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சோறு இறக்கியிருக்கும், ஒருநாளும் பிசகியதில்லை. சில நாட்களில் அவன் உள்ளே வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொள்வார். "மாவனெல்லையில ஏன் அவ்வளவு நேரம் நிண்ட? கொத்து ரொட்டி திண்டியா? அப்ப நான் ஆக்கின சோத்த யார் தின்னுற?" அவன் என்னை முறைப்பான். நான் என்ன செய்ய, அவனே போட்டுக்கொண்ட கயிறு.

அந்த நாள் வியாழக்கிழமை இல்லை. உம்மா விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்து, "நெஞ்சு ஒரு மாதிரியா ஈக்கு மகள், தேத்தண்ணி கொஞ்சம் தா" என்றார். நான் கோப்பையோடு வரும்போது தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. பக்கத்து வீட்டார் வாகனம் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான். நோய் என்று ஒருநாள் படுத்ததில்லை.

தம்பி அன்றைக்குக் கொழும்பில் கூட இல்லை. கடைச் சாமான்களைக் கொடுக்க முதல்நாள் வேனில் மாத்தறைக்குப் போயிருந்தான். விஷயத்தைச் சொன்னபோது அவன் அழவில்லை. "ராத்தா, நான் வாரத்துக்குள்ள எடுத்துடாதீங்க. ஒருக்கா முகத்தப் பாத்தாப் போதும் எனக்கு" என்றான்.

எங்களிடம் ஜனாஸாவை வைத்துக்கொண்டிருக்கிற வழக்கம் இல்லை. காலையில் மௌத்தானால் நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கிவிடுவார்கள். வெளியூரில் இருந்து வர வேண்டிய பிள்ளைக்காகக் கொஞ்சம் பொறுப்பார்கள், அதுவும் கொஞ்சம்தான். எங்கள் வாப்பா எப்போதோ மௌத்தாகிவிட்டதால் அன்றைக்கு முடிவெடுக்க வேண்டியவர் உம்மாவின் மூத்த சகோதரர், எங்கள் பெரிய மாமா. மாமா இந்த விஷயங்களில் கண்டிப்பான மனிதர். அவரே லுஹரை விட்டுப் பின்னேரத்து அஸர் தொழுகைக்குத் தள்ளிவைத்தார். "அவன் அஸருக்குள்ள வந்துருவான். வரணும்" என்றார்.

தம்பி வேன் ஏறினதும் வழக்கம்போல லொகேஷன் போட்டான். உம்மாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தோம். நான் தலைமாட்டில் என் போனோடு உட்கார்ந்திருந்தேன். வந்த பெண்கள் எல்லோரும் முதலில் உம்மாவைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "எங்க ஈக்கிறான்?" நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொழும்பு தாண்டிட்டான். வரக்காப்பொல. கேகாலை. உம்மா குசினியில் நின்று சொன்ன அதே ஊர்கள், அதே வரிசை.

கடுகண்ணாவைக்கு வந்ததும் வட்டம் நின்றது.

முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மழை நாளில் அந்த ஏற்றத்தில் வாகனம் நெருங்குவது புதினமா? ஆனால் நேரம் போகப்போக வட்டம் ஒரு நூல் கூட அசையவில்லை. தம்பியின் போனுக்கு எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். முற்றத்தில் நின்றவர்களில் ஒருவர், மேலே எங்கோ மரம் விழுந்து றோட்டு மூடியிருக்கிறதாம் என்று கேள்விப்பட்டுச் சொன்னார். மரம் மட்டும்தானா, மண்ணும் சரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்து மலையை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யா அல்லாஹ், ஒரே நாளில் இரண்டு ஜனாஸாவா என்று என் மனம் போனது. போனைத் திரும்பத் திரும்ப எடுத்தேன்.

அஸர் பாங்கு சொன்னது. "தொழுதுட்டு வந்து தூக்குவோம்" என்று மாமா சொல்லிவிட்டுப் போனார். தொழுதுவிட்டு எல்லோரும் வந்தார்கள். தூக்கிச் செல்லும் சந்தூக்கை முன் அறைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். மாமா வாசல் திரைக்கு இப்பால் வந்து நின்றார். அவருடைய தொப்பியிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"எங்க நிக்கிறான் மகள்?"

"அங்கயேதான் மாமா. கடுகண்ணாவையில."

அவர் என் போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அப்ப ஏலாது மகள்" என்றார். "வெட்டின கபுருக்குள்ள தண்ணி ஊறுது. வாளியால எறச்சிக்கொண்டு ஈக்கிறாங்க. அங்க இருந்து இந்த மழைக்கு இனி அவன் எப்ப வர? பாக்காதவங்க கடைசியாப் பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அது தங்கச்சிதானே. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வட்டம் நிற்கிற இடத்தைச் சொன்னவள் நான்தான். வேறு என்னத்தைச் சொல்லியிருக்க முடியும்? பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்து நகர்ந்தார்கள். மாமி, மாமாவின் மனைவி, கபனை மூடச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் துணியின் ஓரத்தைப் பிடித்தேன்.

அப்போது குசினியில் போன் அடித்தது.

உம்மாவின் போன். காலையிலிருந்து யாருமே அதைத் தொடவில்லை, அரிசி டின்னின் மேல் வைத்த மாதிரியே இருந்தது. உம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தை முழுக்கக் கூட்டித்தான் வைத்திருப்பார். அந்த அமைதிக்குள் அது வீடே அதிர அடித்தது.

"யா ரப்பே, யாராவது அத நிப்பாட்டுங்களேன்" என்றார் மாமி.

நிப்பாட்டத்தான் போனேன். தெரியாத நம்பர். விஷயம் தெரியாத யாரோ எடுக்கிறார்கள், சொல்லிவிட்டு வைப்போம் என்று பச்சையை அழுத்தினேன். "உம்மா மௌத்தாகிட்டாங்க. இப்ப தூக்கப் போறாங்க" என்றேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு அழுகை. காலையில் அழாதவனின் அழுகை.

"ராத்தா, நாந்தான். தூக்க வேணாம் ராத்தா. நான் பேராதனைல நிக்கிறேன்."

எனக்கு என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. "பேராதனையா? நீ கடுகண்ணாவையில தானே நிக்கிற! போன்ல அப்பிடித்தானே காட்டுது!" என்று அவனோடு தர்க்கம் பண்ணுகிறேன்.

"போன் தான் அங்க நிக்கிது. நான் இங்க ஈக்கிறேன். பைக்ல வாரேன்."

தலையில் துணி இருக்கிறதா இல்லையா என்று கூடப் பார்க்காமல் முன் அறைக்கு ஓடினேன். மாமா முதலில் நம்பவில்லை. உம்மாவின் போனை வாங்கிக் காதில் வைத்து, அவன் குரலைக் கேட்ட பிறகுதான் முகம் மாறியது. "கண்டி டவுனுக்குள்ள போக வேணாம், மாட்டிக்குவ. ஹலொலுவ றோட்டால கட்டுகஸ்தோட்டைக்கு வா" என்று கத்தினார். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறுங்க. மகன் வாரான்" என்றார். ஒருவர் கூட மறுபேச்சுப் பேசவில்லை. மாமா குடையை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய் நின்றார். தம்பி பிறந்து வளர்ந்த வீடு, வழி தெரியாமல் போய்விடுவானா என்ன? ஆனால் அவரால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

தம்பி வந்தபோது தலையிலிருந்து கால் வரை சேறும் தண்ணீரும். மாமி துவாயைக் கொடுத்து, காய்ந்த சாரனைக் கட்டச் சொல்லித்தான் உள்ளே விட்டார். உம்மாவின் மேல் ஒரு சொட்டும் விழுந்துவிடக் கூடாது என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நின்று பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியாது. அவசரப்படுத்த யாரும் வரவில்லை. என் மடியில் கிடந்த போனைத் தற்செயலாகப் பார்த்தேன். அதில் தம்பி இன்னும் கடுகண்ணாவையில்தான் நின்றுகொண்டிருந்தான்.

நடந்ததை அவன் பிறகுதான் சொன்னான். றோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து, வாகனங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றிருக்கின்றன. காலையிலிருந்து லொகேஷன் ஓடியதில் பெட்டரி இறங்கி, போன் வேனில் சார்ஜில் கிடந்தது. என்னவென்று பார்த்துவரச் சும்மா இறங்கி நடந்தவன், மரத்தடி வரைக்கும் போய்விட்டான். டிரைவரும் வேனைப் பூட்டிவிட்டு மரம் வெட்டுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். நான் எடுத்த அழைப்பெல்லாம் பூட்டிய வேனுக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மண் சரியவில்லை, யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மரத்தின் ஓரத்தால் மோட்டார் சைக்கிள்கள் மட்டும் உருட்டிக்கொண்டு போயிருக்கின்றன. ஒரு சிங்களப் பொடியன் தன் பைக்கை உருட்ட முடியாமல் நிற்க, தம்பி பின்னால் பிடித்துத் தள்ளியிருக்கிறான். மரத்தைத் தாண்டினதும் அந்தப் பொடியன், எங்கே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறான். தம்பிக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் அந்த நேரம் "அம்மா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வாயில் எதுவும் வரவில்லையாம். அவன் முகத்தைப் பார்த்தவன் வேறொன்றும் கேட்காமல் "நகின்ன மல்லி" என்றிருக்கிறான். ஏறு தம்பி. போனை எடுத்துவரத் திரும்பிப் போகிற யோசனையே தம்பிக்கு வரவில்லை.

பேராதனையில் மழைக் கோட்டை மாட்ட நின்றபோது, வீட்டுக்குச் சொல்லு என்று அந்தப் பொடியன் தன் போனை நீட்டியிருக்கிறான். அப்போதுதான் தம்பிக்கு வெளித்தது, அவனுக்கு யாருடைய நம்பரும் தெரியாது. என்னுடையது தெரியாது. மாமாவுடையது தெரியாது. எல்லாம் போனுக்குள், போன் வேனுக்குள். விரல் தானாக ஒரு நம்பரை அழுத்தியது. ரிங் போகத் தொடங்கிய பிறகுதான், தான் எடுத்திருப்பது உம்மாவுக்கு என்று அவனுக்கு விளங்கியது. சின்ன வயதில் முதல்முறை கொழும்புக்கு அனுப்பியபோது உம்மா அவனை நிறுத்தி மனப்பாடம் பண்ண வைத்த நம்பர் அது. வைக்கப் போனானாம். பிறகு, இருக்கட்டும், யாராவது எடுக்கிறார்களா பார்ப்போம் என்று காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அந்தப் பொடியன் அன்றைக்கு உடனே போகவில்லை. அடக்கம் முடியும் வரை மையவாடி மதிலோரம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதாக மாமா சொன்னார். பக்கத்து வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் போய்விட்டான். பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. உம்மாவின் போனில் கடைசியாக வந்த அழைப்பு அவனுடைய நம்பரிலிருந்துதான். பெருநாளைக்குத் தம்பி அதற்கு எடுத்துப் பேசுவான்.

தம்பி இப்போதும் வியாழக்கிழமைகளில் லொகேஷன் போடுகிறான். வட்டம் கடுகண்ணாவைக்கு வந்ததும் நான் இப்போதும் அரிசி களைகிறேன். அந்த வட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது எவ்வளவோ நாள் உம்மாவின் பதற்றத்தைத் தணித்த சாமான். உம்மாவின் போனையும் நம்பர் அறுந்துபோகாமல் ரீலோட் பண்ணி, அரிசி டின்னின் மேலேயே வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது என் இரண்டு பிள்ளைகளும் என் நம்பரைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். "போன்ல ஈக்கு தானே உம்மா, எதுக்கு இந்த ஓதல்?" என்று மூத்தவள் சிணுங்குவாள், சின்னவன் சிரிப்பான். சிரிக்கட்டும். கையில் ஒன்றும் இல்லாமல் ஏதோ ஒரு றோட்டில் மழையில் நிற்கிற நாள் அவர்களுக்கும் வரலாம். அன்றைக்கு நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்களின் விரலுக்கு வீட்டுக்கு வரும் வழி தெரிந்திருக்க வேண்டும்.