இரண்டு சொட்டுத் தண்ணீர்

அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பில் இறக்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மணி நேரத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. எடை ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எந்த நேரமும் மூச்சு நின்றுவிடலாம் என்று டாக்டர் சொன்னதை நான்தான் எல்லோருக்கும் விளக்கினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்த நேரத்திலும் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

வெளியே பெஞ்சில் அம்மாவும் அக்காவின் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கத்தோலிக்கர், செபமாலை கையில் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க மாட்டார். நான் அத்தை என்று கூப்பிடும் அந்த மாமியார், மலையில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். வெள்ளைப் புடவை, காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது. அவர் ஜெபித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நானோ கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்தவள். வார்த்தையே இல்லாமல் கடவுள் முன் அமர அவர்கள் பழக்கியிருந்தார்கள். என் ஜெபம்தான் ஆழமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த தீர்த்த பாட்டிலை என் கையில் திணித்தார். சாகக் கிடக்கும் குழந்தைக்குப் பங்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றி யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம்.

"பயமா கீது. உள்ள போனா ஊத்திட்டு வந்துடும்மா."

அத்தைக்குக் கேட்டுவிட்டது. அவர்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, தானே கேட்டு, தண்ணீரில் இறங்க வேண்டும்.

"பொழைக்கும்னு நான் கேட்டுக்கினு கிறேன். நீங்க சாவுக்குத் தண்ணி ஊத்தறீங்களா, சம்பந்தி?"

அம்மாவின் விரல்களில் செபமாலை மணிகள் வேகமாக நகர்ந்தன.

மதியம் நர்ஸ் ஓடிவந்து டாக்டரைக் கூப்பிட்டார். மூச்சு ஒருமுறை நின்று, திரும்ப வந்ததாகச் சொன்னார்கள். அத்தை எழுந்து கையைத் தூக்கினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வார்த்த வரல. நீங்க சொல்லுங்க, சம்பந்தி."

அம்மா செபமாலை சொல்லத் தொடங்கினார். சிறு வயதிலிருந்து சொன்ன வார்த்தைகள் என்பதால் பயத்திலும் அவை தடுமாறவில்லை. மாதாவிடம் ஜெபிக்காத அத்தை ஒவ்வொரு மணிக்கும் ஆமென் மட்டும் சொன்னார். பாதியில் அம்மா உடைந்து அழுதபோது அத்தையின் குரல் திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை போடுவதுபோல, குழந்தையை விட்டுவிடு என்று கடவுளிடம் கேட்டார். அப்படிக் கேட்க அம்மாவுக்குத் துணிச்சல் வந்ததே இல்லை. அத்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அத்தை என்னைப் பார்த்தார்.

"போய் ஊத்து. ஆனா பொழைக்கணும்னு சொல்லி ஊத்து."

பாட்டிலை உள்ளே விடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் சிரிஞ்சிலிருந்து இரண்டு சொட்டுச் சுத்தமான தண்ணீரை என் விரலில் விட்டார். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை நீட்டினேன். குழந்தையின் நெற்றி என் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். தொட்டதும் குழந்தையின் நெஞ்சு அசையாமல் இருந்ததுபோலத் தோன்றியது. சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் எனக்கு மறந்துபோயின. அப்போது என்னிடம் இருந்தது விடுதியில் பழகிய மௌனமா, வெறும் பயமா, தெரியவில்லை. நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியதும் கையை எடுத்துக்கொண்டேன்.

வெளியே இருவரும் எழுந்து நின்றார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னாயா என்று அம்மா கேட்டார். பிழைக்கணும் என்று சொன்னாயா என்று அத்தை கேட்டார். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்று அம்மா நிம்மதியாக இருக்கிறார். வளர்ந்து அவளே தண்ணீரில் இறங்குவாள் என்கிறார் அத்தை. இருவரும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள். என் உதடு அன்று அசைந்ததா என்றே எனக்குத் தெரியாது. அவளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலும் எனக்கு முதலில் வருவது அந்த நினைப்புதான்.