டவுன் டீம் இன்னும் வரவில்லை

நான் வேலை பார்க்கும் ரைஸ் மில் வாசலில் காலை பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் இறங்கி வந்தார். ஏதோ பார்சல் என்று நினைத்து மெஷின் சத்தத்துக்கு நடுவே கையை நீட்டினேன். "செக்கர் ஐயா போய்ட்டாருங்க. விடியக்காலம், ஆவூர்ல. மதியத்துக்கு மேல அடக்கம்," என்றார்.

முதலில் எரிச்சல்தான் வந்தது என்று எழுதினால், அவரை அறிந்தவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று சைக்கிள் டீம்களையும் உட்காரவைத்து, இந்த சீசனுக்கான விமர்சனத்தைச் சொல்ல வேண்டியவர் அவர். சுழற்கோப்பை யாருக்கு என்பது அந்தப் பேச்சின் முடிவில்தான் தெரியும். அதைச் சொல்லாமலே போய்விட்டார். எதையும் உரிய நேரத்தில் சொல்லி முடிக்கும் வழக்கம் அவரிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூசைமாணிக்கம் என்பது பெயர். தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டை, ஆலங்குடி, விராலிமலை ஆகிய மூன்று ஊர்களிலும் அவர் பிடிக்காத டிக்கெட் இல்லாப் பயணி கிடையாது. புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ச் சில வருடங்களில் திருவிழாக்களை ஒட்டி ரோடு ரேஸ் நடத்தும் பழக்கம் இங்கே பரவியது. எங்கள் புதுக்கோட்டை டவுன் டீமுக்கு ஒரு சைக்கிள் கடைக்காரர், ஆலங்குடிக்கு ஒரு கடலை மண்டி, விராலிமலைக்கு ஒரு லாரிப் பட்டறை என்று ஆளுக்கொருவர் சம்பளமும் சாப்பாடும் கொடுத்து ஓட்டவைத்தார்கள். தை முதல் வைகாசி வரை ரேஸ். ஆனியில் விமர்சனம். ஓர் ஊர்க்காரர் சொல்லும் தீர்ப்பை மற்ற இரண்டு ஊர்களும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஆவூர்க்காரரான இவரைப் பிடித்துப்போட்டார்கள். அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது என்பதை அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

டிப்ளமா முடித்து வந்து டவுன் டீமின் வண்டிகளுக்கு நான் பொறுப்பேற்ற வருடம், இதை நேரிலேயே கேட்டேன்.

"வண்டி ஓட்டத் தெரியாமத்தாங்க தம்பி இத்தன வருசம் பஸ்ஸ செக் பண்ணுனேன். எந்த டிரைவரும் கேட்டதில்ல," என்றார்.

அவர் ரேஸைப் பார்க்கும் முறை எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றியது. ஜீப்பில் முன்னால் போகச் சொன்னால் மாட்டார். ரேஸ் கிளம்பிப் போன பிறகு, அதே ரோட்டில் வரும் சர்வீஸ் பஸ்ஸில் ஏறுவார். பழைய பாஸ் வைத்திருந்தார். அந்த பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று, கோழிக்கூடை ஏற்றி, மூட்டை இறக்கிக்கொண்டு வரும். ஆகவே ரேஸின் முன்பக்கத்தை அவர் பார்த்ததே கிடையாது. பின்தங்கியவர்களையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்து, அதை வைத்து ஒரு சீசனையே எடைபோடுவார்.

எடைபோடும் கணக்கும் அவருடையதே. ஒரு டீமில் நாலு பேர். நாலாவது ஆள் கோட்டைத் தொடும் நேரம்தான் அந்த டீமின் நேரம். தையில் கொடுத்த நாலு பெயரை வைகாசிவரை மாற்றக் கூடாது. எங்கள் ஆட்கள் மூன்று பேர் இந்த ஜில்லாவிலேயே வேகமானவர்கள். நாலாவது ஆள் ஜபருல்லா. அரிசிக் கடையில் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. எந்த வண்டியும் அவனுக்குக் கீழே முனகும். ஆலங்குடிக்காரர்களில் ஒருவருக்கும் பெரிய வேகம் இல்லை. ஆனால் நாலு பேரும் ஒட்டினாற்போல வந்து சேர்வார்கள். நாங்கள் முதலில் வருவோம். கோப்பை ஆலங்குடிக்குப் போகும்.

விமர்சனக் கூட்டத்திலும் எல்லாம் தலைகீழ்தான். கடைசி இடம் வந்த டீமைப் பற்றி முதலில் ஆரம்பித்து, வெகுநேரம் பேசுவார். ஜெயித்தவர்களுக்கு ஒரே ஒரு வரி. "ஆலங்குடி ஒழுங்கா வந்துச்சு, ஒழுங்கா போச்சு. கோப்பைய எடுத்துக்கங்க" என்று முடித்துவிடுவார். எங்கள் டீமைப் பற்றிப் பேசும்போது யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தான், யாருடைய பம்பை யார் திருப்பித் தரவில்லை, இலுப்பூர் ஏற்றத்தில் எவன் திரும்பிப் பார்க்காமல் போனான் என்று போகும். நான் எழுந்து பல்சக்கர அளவு, டயர் காற்று, சராசரி வேகம் என்று புள்ளிவிவரத்தோடு பேசினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க சொல்றது பூராவும் வண்டியப் பத்தி இருக்கு தம்பி. அது நல்லா இருக்குங்க. வண்டிக்குக் கோப்பை குடுக்குற அன்னைக்குச் சொல்லி விடுறேன்."

ஆலங்குடிக் கேப்டன் கருப்பையா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"முதல் மூணு இடமும் எங்களுதுங்க. அதுக்கு என்ன மரியாதை?" என்று விடாமல் கேட்டேன்.

"முன் சீட்டு ஆளு எறங்கிட்டாருன்னு ட்ரிப் முடிஞ்சதா எழுதுவாகளா? கடைசி ஆளு எறங்கணும்ல."

பஸ் வேறு, ரேஸ் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை. கேட்டுவிட்டார் என்று மட்டுமே அர்த்தம்.

இந்த சீசனின் கடைசி ரேஸ் விராலிமலையில் முடிந்தது. எங்கள் ஆட்கள் மூவரும் வரிசையாக வந்து கோட்டைத் தொட்டார்கள். ஆலங்குடியும் விராலிமலையும் பின்னால் வந்து முடித்துவிட்டன. ஜபருல்லாவைக் காணோம். பஸ் வந்தது, செக்கர் ஐயா அதில் இல்லை. வழியில் ஜபருல்லாவின் செயின் அறுந்திருக்கிறது. அதைப் பார்த்து ஐயா பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார் என்று கண்டக்டர் சொன்னார். மாலை போட வந்த பெரிய மனிதர் போய்விட்டார். பந்தலைப் பிரித்தார்கள். வெயிலில் நின்று நின்று எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் இருவரும் வந்தார்கள். ஜபருல்லா வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஐயா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இப்பத்தான் டவுன் டீம் வந்திருக்கு," என்றார்.

"டவுன் டீம் சாப்பிட்டே முடிச்சாச்சுங்க," என்றேன்.

"அப்ப இந்தத் தம்பிக்கு எலை போடச் சொல்லுங்க. பேசிக்கிட்டு நிக்கிறீங்க."

அடுத்த சீசனில் ஜபருல்லாவை எடுத்துவிட்டு வேறு ஆள் போட வேண்டும், முதல் இடத்தை வைத்துத்தான் கோப்பை தர வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். "கூட்டத்துல பதில் சொல்றேன்," என்றார். அந்தப் பதில்தான் இப்போது இல்லாமல் போயிற்று.

அடக்கத்துக்கு மூன்று டீமும் சைக்கிளிலேயே ஆவூர் போய்ச் சேர்ந்தோம். கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும் முன்பு, அவர் மகள் ஆரோக்கியமேரி கோப்பையை முந்தானையில் துடைத்து எடுத்து வந்தார்கள். விமர்சனம்வரை அது அவர் வீட்டில்தான் இருக்கும்.

"அப்பா இத வீட்டுல வச்சிருக்காதீகன்னு சொன்னாங்க. யாருகிட்ட குடுக்கணும்? நீங்கதான் நேரமெல்லாம் குறிச்சு வச்சிருப்பீங்களாமே, நீங்களே சொல்லிருங்க," என்று என்னைப் பார்த்தார்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த சீசனின் எல்லா ரேஸிலும் முதல் ஆள் எங்கள் ஆள். அதைச் சொன்னால் மறுக்க அந்த இடத்தில் யாரும் இல்லை. மறுக்கக்கூடிய ஒருவர் பெட்டியில் இருந்தார்.

கருப்பையா மெதுவாகச் சொன்னார்: "டவுன் டீம் இன்னும் வரலையே. வந்ததும் பேசலாம்."

திரும்பிப் பார்த்தேன். ஜபருல்லா இல்லை. எங்கே விட்டோம் என்று எங்கள் ஆட்கள் மூவருக்கும் தெரியவில்லை. பாதிரியார் புத்தகத்தை விரித்துவிட்டார். எனக்கு வந்த எரிச்சல் கருப்பையா மேலா, ஜபருல்லா மேலா, செக்கர் ஐயா மேலா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சாமி. ஒரு ஆள் வரணும்," என்றேன்.

"நெருங்கின சொந்தமா?"

"இல்லங்க. எங்க டீம்."

சாமி வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார். காத்திருந்தோம். வெயில் எல்லோர் தலையிலும் ஒன்றுபோல் இறங்கியது. பிறகு முந்திரிக் காட்டைத் தாண்டி, டயர் வெடித்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜபருல்லா வந்தான். வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, முகத்தைத் துடைக்கக்கூட மறந்து நின்றான். பெட்டியை இறக்கினார்கள். நாங்கள் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். அவன் தன் மார்க்க வழக்கப்படி மூன்று பிடி போட்டான்.

"கோப்பை ஆலங்குடிக்குங்க," என்று மகளிடம் சொன்னேன். "ஒழுங்கா வந்தாங்க, ஒழுங்கா போனாங்க."

அந்தக் கணக்கு தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். பதில் சொல்ல நீங்கள் இல்லாததால், ஐயா, அது சரியாகிவிடாது. அடுத்த தையில் கொடுக்கும் நாலு பெயரில் ஜபருல்லாவின் பெயரும் இருக்கும். அதற்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

டவுன் டீம் வந்தாச்சு, செக்கர் ஐயா. கடைசி ஆளும் இறங்கியாச்சு. நீங்கள் புறப்படலாம்.