அம்மாவின் கம்பளி ஸ்கார்ஃப்

காலை நடையில் எனக்கு முன்னால் போனவர், காதில் இயர்போன் இருக்கும் தைரியத்தில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். எனக்குப் புனேயில் நாங்கள் குடியிருந்த தாபோடி குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளில் அம்மாவுக்குச் சர்க்கரை கூடியது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க அலுப்பாக இருக்கிறது என்று அம்மா சொன்னதும், அப்பா ஒரு வாக்மேன் வாங்கிவந்தார். புடவையும் ஹெட்போனுமாகத் தெருவில் போக அம்மாவுக்குக் கூச்சம். தானே பின்னிய பச்சைக் கம்பளி ஸ்கார்ஃபால் அதை மறைத்துக்கொண்டாள். மே மாத வெயிலிலும் அதைக் கழற்றவில்லை.

ஆனால் கேட்கும் பாட்டையெல்லாம் கூடவே பாடிக்கொண்டு நடப்பாள். சுருதி சேராது. குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்கும்.

"யாரும் அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நடக்கறதையே விட்டுடுவா" என்றார் அப்பா.

ஒருநாள் பாதி வழியில் பேட்டரி தீர்ந்துபோய், அம்மா பாடாமல் திரும்பி வந்தாள். நாங்கள் காக்கு என்று கூப்பிடும் எதிர்வீட்டு மராத்தி அத்தை வாசலிலிருந்து கேட்டாள்: "க்யா பாபி, ஆஜ் கானா நஹீ?"

இன்றைக்குப் பாட்டு இல்லையா என்ற அந்தக் கேள்வியோடு அம்மா உள்ளே வந்தாள். "எல்லாருக்கும் தெரியுமா?"

அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "உன் பாட்டு கேட்டாத்தான் காக்கு குக்கரே வைக்கிறாங்க."

மறுநாள் மாலை அம்மா கிளம்பவில்லை. இருட்டும் நேரத்தில் எழுந்து, புது பேட்டரி போட்டு, வெறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஸ்கார்ஃப் கொடியில் கிடந்தது. கேட்டைத் தாண்டுவதற்குள் பாட ஆரம்பித்துவிட்டாள், வழக்கத்தைவிடச் சற்று உரக்கவே.