பானெட்டில் வைக்காத பொட்டு

1950களில் ஒரு பாடகருக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட கார் அது. உலகத்தில் அதற்கு ஜோடி கிடையாது. மீன் செதிலின் மினுக்கத்தைக் கலந்து அடித்த அதன் முத்துநிறப் பெயின்டுக்கும் கிடையாது; எந்த அளவில் கலந்தார்கள் என்பது இன்று யாருக்கும் தெரியாது. லிட்கம் என்ற ஊரில், பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில், அந்தப் பெயின்டைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. அதில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. ஈரச் சாயம் உள்ளே இறங்கினால் எடுக்க முடியாது.

காரை வாங்கிய அங்கிள் பென்டில் ஹில் என்ற பக்கத்து ஊர்க்காரர். வீட்டுக்கு எடுத்துப்போகும் நாளில் பட்டறை வாசலிலேயே பூசை வேண்டுமென்றார். நான் மறுக்கவில்லை, எங்கள் வீட்டில் ஸ்கூட்டரைக்கூட எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தான் எடுப்போம். நிபந்தனைகளை மட்டும் சொன்னேன்: மாலையைக் கம்பியில் கட்டக் கூடாது, தேங்காயை வாசல் கேட்டுக்கு வெளியே உடைக்க வேண்டும், கற்பூரத்தைத் தள்ளி நின்று காட்ட வேண்டும், பொட்டு கண்ணாடியில் மட்டும்.

"ஓம் ஓம், ஐயரிட்டச் சொல்லுறன்," என்றார். பொட்டைப் பற்றி மட்டும் ஐயரிடம் சொல்ல மறந்துவிட்டார்.

மாலை நூலில் கட்டியிருந்தது. தேங்காய் வெளியே உடைந்தது. நிபந்தனைகளுக்கு மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தேன். அப்போது ஐயர் குழைத்த சந்தனத்தோடு பானெட்டை நோக்கிக் குனிந்தார்.

"ஐயா, கண்ணாடியில வைங்க!"

மந்திரம் சொல்லும் மும்முரத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அங்கிளின் மனைவிக்குக் கேட்டது.

"நெத்தி இருக்க மூக்குக்கண்ணாடிக்கோ பிள்ளை பொட்டு வைக்கிறது?" என்றார் அன்ரி.

விரல் இறங்கியது. வேறு வழி தெரியாமல் பானெட்டின் மேல் என் கையை விரித்து வைத்தேன். ஐயர் நிறுத்தவில்லை. என் புறங்கையில் சந்தனத்தையும் அதன்மேல் குங்குமத்தையும் வைத்துவிட்டு மணியை எடுத்தார்.

"இனி இந்தப் பிள்ளையையும் சேர்த்தெல்லோ கொண்டுபோக வேணும்," அன்ரி சிரித்தார்.

குங்குமம் தண்ணீராக இருந்தது. விரலிடுக்கை நோக்கி மெல்ல வழிந்தது.

"நல்ல நேரம் போகுது, கையை எடுங்கோ," என்றார் அங்கிள்.

"எடுத்தா சொட்டிடும் அங்கிள். ஏதாவது துணி குடுங்க, சீக்கிரம்!"

அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். அன்ரி என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை விட்டு, பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்து என் கையை அழுத்தித் துடைத்தார்.

"ஐயோ, சேலை அன்ரி!"

"சீலை வேற வாங்கலாம். இதுக்கு வேற இல்லையெண்டுதானே இவர் இரவு பகலாச் சொல்லுறார்."

கையை எடுத்தேன். முத்துநிறத்தின் மேல் என் வியர்வை ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. அங்கிள் சாவியைத் திருகினார். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பானெட்டில் என் கைத்தடம் ஓரத்திலிருந்து மெல்ல உலர்ந்துகொண்டிருந்தது. அது முழுவதும் போகிறதா என்று பார்க்க, காரின் கூடவே நடந்தேன்.