ரிம்மர் மிஸ்ஸின் வெள்ளிக்கிழமை வகுப்பு

இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் மீன் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தொடக்கப் பள்ளியில் மொய்ரா ரிம்மர் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தார். அதில் கடைசிப் பத்து வருடம் அவர் கையில் ஒரு விசித்திரமான பாடம் இருந்தது. கால அட்டவணையில் அதற்கு நான்கு ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு ஒத்துப்போவது, உடம்பைப் பேணுவது, இதெல்லாம் சேர்ந்த பாடம். பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. அதனால் எந்த ஆசிரியரும் அதை விரும்பவில்லை.

அந்தப் பாடம் அவருக்கு வந்த கதை இது. இரண்டாயிரமாவது வருடம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தலைமையாசிரியர் ஹோல்ராய்ட் ஆசிரியர்களைக் கூட்டி யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் அவரவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். அந்த நேரம் பார்த்து மொய்ரா, வாந்தி எடுத்த குழந்தை ஒன்றைக் கவனிக்க வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது அதை அவர் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பிறந்து வளர்ந்த வீடு பேச்சே இல்லாத வீடு. அப்பா ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் போய்விட்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து தூங்கிவிட்டுப் போவார். மொய்ராவுக்குப் பதினொரு வயதில் முதல் தடவை ரத்தம் வந்தபோது, அம்மா ஒரு பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அதற்கு முன்னும் ஒரு வார்த்தை இல்லை, பின்னும் இல்லை. அந்தச் சாத்திய கதவை மொய்ரா மறக்கவில்லை. பாடத்தை எடுத்த சில மாதங்களில் அதன் மேல் அவருக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. அவர் கணவர் லென் டிராம் ஓட்டுபவர், அதிகம் வாய் திறக்காதவர். வீட்டில் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்துப் பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள் என்று அவர் கேலி செய்வார்.

வகுப்பு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஐந்தாம் வகுப்புக்கு முதல் ஒரு மணி நேரம், ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஒரு மணி நேரம். மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். சண்டை போட்டவர்கள் எப்படிச் சமாதானமாவது, யாராவது சிகரெட் நீட்டினால் எப்படி வேண்டாம் என்பது, எந்தத் தொடுதல் சரியில்லை, அதை யாரிடம் சொல்வது என்றெல்லாம் பேசுவார்கள். ஜன்னலோரத்தில் மூடியில் துளை போட்ட ஒரு பிஸ்கட் டின் இருக்கும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மொய்ரா அதைத் திறந்து படித்து வைத்துக்கொள்வார். பெரியவர்களுக்கு ஏன் காதுக்குள் முடி முளைக்கிறது, ஹோல்ராய்ட் சாரின் தலைமுடி சொந்தமா என்கிற மாதிரிக் கேள்விகள்தான் பெரும்பாலும் இருக்கும்.

மே மாதத்தில் வளர்கிற உடம்பைப் பற்றிய வகுப்பு வரும். அதற்கு முன் வீடுகளுக்குக் கடிதம் போகும். வேண்டாம் என்று நினைக்கிற பெற்றோர் எழுதிக் கொடுத்துப் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. இரண்டாயிரத்து மூன்றில் ஒரே ஒரு கடிதம்தான் அப்படி வந்தது. ஐந்தாம் வகுப்புக் கிர்ஸ்டி விக்னலின் அப்பா பாரி எழுதியிருந்தான். 'சொந்தக் காரணங்களால் என் மகள் அந்த வகுப்பில் இருக்க வேண்டாம்.' அவ்வளவுதான்.

பாரி, மொய்ரா வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் அவரிடம் படித்தவன். இப்போது மீனைப் புகையில் வாட்டும் ஆலையில் வேலை. மனைவி ஷெரில் மூன்று வருடம் முன்பு புற்றுநோயில் இறந்துபோயிருந்தாள். உடம்பில் எந்த இடத்தில் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை, மொய்ராவும் கேட்கவில்லை. கடிதத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆசிரியர் அறையில் அதைப் படித்துக் காட்டி, "ஏழு வயசுல ஒண்ணுக்குப் போகணும்னு கேக்கவே இவனுக்கு வெக்கம். இன்னும் அப்படியேதான் இருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பு நடந்த அன்று கிர்ஸ்டியை நூலகத்துக்கு அனுப்பி, புத்தகங்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னார். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் போனாள்.

ஜூன் மாதத்தில் கிர்ஸ்டி இரண்டு முறை நீச்சலுக்கு வரவில்லை. வயிற்று வலி என்றாள். பிறகு ஒருநாள், தான் உயிராக வளர்த்த 'பட்டன்' என்ற முயலை ஜெம்மா என்ற சிநேகிதிக்குக் கூண்டோடு கொடுத்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை மொய்ரா அதை வட்டத்தில் எல்லோர் முன்னிலும் சொல்லிப் பாராட்டினார். பகிர்ந்துகொள்வது என்றால் இதுதான் என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கிர்ஸ்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை டின்னுக்குள் ஆறு சீட்டு இருந்தன. ஐந்தாவது சீட்டை மொய்ரா, கையில் பாதி கடித்த சாண்ட்விச்சோடு பிரித்தார்.

'கீழே இருந்து ரத்தம் வந்தால் எத்தனை நாள் உயிரோடு இருக்கலாம்?'

இடது கையால் எழுதியது போல எழுத்துகள் கோணிக்கொண்டு நின்றன. யாருடைய கையெழுத்து என்று தெரியக் கூடாது என்று எழுதிய எழுத்து. ஆனால் மொய்ராவுக்குத் தெரிந்துபோயிற்று. மே மாத வகுப்பில் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்வியைக் கேட்காது. அங்கே உட்காராதவள் ஒருத்திதான்.

சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று ஐந்தாம் வகுப்பை உதவி ஆசிரியையிடம் விட்டுவிட்டு, பாடப்புத்தகம் எடுக்கத் துணைக்கு வா என்று சொல்லிக் கிர்ஸ்டியை நூலகத்துக்குக் கூட்டிப்போனார். சின்ன நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுற்றி வளைக்காமல் சீட்டைக் காட்டினார்.

"அது என்னோடது இல்ல மிஸ்."

"சரி. யாரோடதா இருந்தாலும் பதில் சொல்லணும் இல்லையா? சொல்றேன், கேட்டுக்க. அதனால யாரும் சாக மாட்டாங்க. பொண்ணுங்க வளரும்போது மாசா மாசம் வரும். எனக்கு வந்துச்சு. ஆபீஸ்ல இருக்காங்களே பாலின், அவங்களுக்கும் வந்துச்சு. இங்கிலாந்து ராணிக்கும் வந்திருக்கும்."

கிர்ஸ்டி சிரிக்கவில்லை. நெடுநேரம் தன் காலணியின் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள்.

அப்புறம் எல்லாம் வந்தது. அம்மா குளியலறையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடி அவள் கேட்டிருக்கிறாள். ரத்தம் என்ற சொல்லும் ஆஸ்பத்திரி என்ற சொல்லும் காதில் விழுந்தன. அதற்கப்புறம் பதினொரு மாதத்தில் அம்மா இல்லை. அதே மாதிரி தனக்கும் ஜூனில் வந்து நின்றுவிட்டது. இப்போது மறுபடி வந்திருக்கிறது. பதினொரு மாதம் என்றால் அடுத்த மே. தான் போன பிறகு முயலைக் கவனிக்க அப்பாவுக்கு நேரமிருக்காது என்றுதான் ஜெம்மாவிடம் கொடுத்தாளாம்.

"அப்பாகிட்ட ஏன் கண்ணு சொல்லல?"

"அவரு இப்பத்தான் மறுபடி பாட்டெல்லாம் முணுமுணுக்கிறாரு மிஸ்."

மொய்ரா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. கேட்காமல் யாரையும் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். "கட்டிக்கலாமா?" என்று கேட்டார். கிர்ஸ்டி தலையசைத்தாள். பத்து வயது உடம்பு இறகாக இருந்தது. அம்மாவுக்கு வந்தது நோய், உனக்கு வந்திருப்பது வளர்ச்சி, இரண்டும் வேறு வேறு என்று மூன்று விதமாகச் சொன்னார். மூன்றாவது முறைதான் அவள் முகம் தெளிந்தது.

ஹோல்ராய்ட் விஷயத்தைக் கேட்டுப் பதறினார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். பெற்றோர் எழுதிக் கேட்டதைத்தான் செய்திருக்கிறோம், கடிதம் கோப்பில் இருக்கிறது, நாமாக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றார். கடிதம் எழுதியவனோடு தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மொய்ரா போன் செய்யப் போனார். உள்ளுக்குள் கோபம் கொதித்தது. பாரியை என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

பாரி ஆலையிலிருந்து நேராக, வெள்ளை ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றான். அறை முழுக்கப் புகைமீன் வாசம். நடந்ததை மொய்ரா சொல்லச் சொல்ல அவன் முகம் சாம்பல் பூத்தது. அவர் ஒத்திகை பார்த்ததில் ஒரு வாக்கியம்கூட வெளியே வரவில்லை.

"அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு இல்ல மிஸ்," என்றான் கடைசியில். முப்பத்தாறு வயதிலும் அவனுக்கு அவர் மிஸ்தான். "கர்ப்பப்பை. அந்த வார்த்தைய ஆஸ்பத்திரில பதினோரு மாசம் கேட்டேன். உங்க கடுதாசில, அதோட படம் போட்டுக் காட்டுவோம்னு எழுதியிருந்துச்சு. அந்தப் படத்த டாக்டர் எனக்குக் காட்டினாரு. அதுல பேனாவால ஒரு வட்டம் போட்டாரு. அத எம் பொண்ணு பாக்க வேணாம்னு நெனச்சேன்."

மொய்ரா அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "நான் உன்னக் கட்டுப்பெட்டின்னு நெனச்சேன் பாரி. நாலு பேர் முன்னால சொல்லிச் சிரிச்சேன். ஒரு வார்த்தை உன்னக் கேட்டிருக்கணும்" என்றார்.

"நான் சொல்லியிருப்பேனா என்ன?" என்றான் அவன்.

போகும்போது என்ன வாங்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னான். எழுதித் தந்தார். மருந்துக் கடையில் நாப்கின்கள் அடுக்கியிருந்த வரிசை முன்னால் அவன் கால் மணி நேரம் நின்றானாம். கடைசியில் கடைப் பெண்ணிடம் போய், "நீ மீன் வாங்க வந்தா எது நல்ல மீனுன்னு நான் சொல்லுவேன். இதுல எதுன்னு நீ எனக்குச் சொல்லு" என்றிருக்கிறான். அவள் இரண்டு எடுத்துக் கொடுத்தாள். இவன் போதாமல் போய்விடுமோ என்று இன்னும் ஒன்பது பொட்டலம் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தான். அதில் மூன்று, சிறுநீரை அடக்க முடியாத முதியவர்களுக்கானவை. வீட்டு மேசையில் அவற்றை அடுக்கியபோது கிர்ஸ்டி விழுந்து விழுந்து சிரித்ததாகத் திங்கட்கிழமை அவளே வந்து சொன்னாள்.

முயல் விஷயம் மட்டும் எளிதில் முடியவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான், தர மாட்டேன் என்று ஜெம்மா பிடிவாதம் பிடித்தாள். மிஸ்ஸே பாராட்டிக் கை தட்ட வைத்தீர்களே என்று கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முழுக்க அந்த வழக்கிலேயே போனது. கடைசியில் வாரநாளில் ஒரு வீடு, சனி ஞாயிறு ஒரு வீடு என்று முடிவாயிற்று.

அடுத்த வருடம் மே மாதக் கடிதத்துக்கு மூன்று மறுப்புகள் வந்தன. மொய்ரா மூன்று வீட்டுக்கும் நடந்தே போனார். இது உங்கள் வேலையில்லை என்றார் ஹோல்ராய்ட். மொய்ரா யாரையும் மனம் மாற்றப் பார்க்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார், பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தார். ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். இன்னொரு வீட்டில் தாயே சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள், அவளுக்குப் படங்களைக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை.

பாரி ஆலையில் என்ன சொன்னானோ, அந்த வசந்தத்தில் மகள்களைப் பெற்ற ஒன்பது அப்பாக்கள் ஒரு வியாழக்கிழமை மாலை பள்ளிக்கு வந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள், முழங்கால் மோவாயில் இடிக்கச் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் மீன் விலையைப் பற்றியே பேசினார்கள். பிறகு ஒருவன், பெண் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டால் தட்டலாமா, விட்டுவிடலாமா என்று கேட்டான்.

"தட்டுங்க. திறக்கலன்னா ஒரு டீயப் போட்டு வாசல்ல வெச்சுட்டு, வெச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போங்க. போறது காதுல விழணும்," என்றார் மொய்ரா. ஒருவன் அதைக் கையில் எழுதிக்கொண்டான்.

அந்த மே மாதம் ஆறாம் வகுப்பில் கிர்ஸ்டி இருந்தாள். இந்த முறை அப்பா சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான். படம் காட்டப்போகும் நேரத்தையும், விருப்பமில்லையென்றால் வெளியே போகலாம் என்பதையும் மொய்ரா முன்னாலேயே அவளிடம் சொல்லிவைத்திருந்தார். அவள் போகவில்லை. மொய்ரா படத்தைப் பலகையில் மாட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் அவர் நாக்கு ஒரு கணம் தயங்கிற்று. பிறகு, கர்ப்பப்பை என்றார்.

கிர்ஸ்டி கை தூக்கினாள்.

"எங்கம்மாவுக்கு அதுலதான் நோய் வந்துச்சு" என்றாள்.

ஆசிரியர் பயிற்சியில் இப்படிப்பட்ட நேரத்துக்கென்று சில வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மொய்ராவுக்கு ஒன்றுகூட நினைவு வரவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜெம்மாதான் பேசினாள்.

"அவங்க பேரு என்ன?"

"ஷெரில்."

"அவங்க எப்படி இருப்பாங்க?"

கிர்ஸ்டி யோசித்தாள். அம்மா நன்றாக விசிலடிப்பாள் என்றாள். கடற்கரையில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தால் நாய்களெல்லாம் திரும்பிப் பார்க்குமாம். தனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை என்றாள். உடனே வட்டத்தில் பாதிப் பேர் விரல்களை வாயில் வைத்து ஊதிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தன. மொய்ரா தடுக்கவில்லை. பலகையில் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் விரல்களையும் வாயில் வைத்துப் பார்த்தார். பாடம் அன்று பத்து நிமிடம் தாமதமாகத் தொடர்ந்தது.