மேல் தட்டுக்குப் போன கோப்பை

கேரள எல்லைக்குள், கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கால்பந்து கிளப்புக்குப் பலரும் அங்கிருக்கும் கோப்பைகளைப் பார்க்கப் போகிறார்கள். நான் ஒரே ஒரு கோப்பைக்காகப் போனேன். போன மாதம் என் மருமகள் அனுப்பிய படத்தில், மறைந்த என் கணவர் கேப்டனாக இருந்து வென்ற கோப்பை, அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்தது. சொந்த ஆட்டக்காரர்கள் வென்றவை மேல் தட்டில், பணம் கொடுத்து வெளியாட்களை, அதாவது ‘கெஸ்ட்டு’களை, இறக்கி வென்றவை கீழ்த் தட்டில் என்பது அந்த கிளப்பின் வழக்கம். என் கணவர் பணத்துக்கு ஆடியவர் அல்லர். இடத்தை மாற்றாமல் திரும்புவதில்லை என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

நாகர்கோவிலிலிருந்து காலை பாசஞ்சரில் பாறசாலைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

"பந்து வெளாட்டு காணவா அம்மா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லை, ஒரு வழக்கு உண்டு."

"அப்போ கோர்ட்டு நெய்யாற்றின்கரையிலயாக்கும்!"

அறுவடை முடிந்த வயலில் தொடங்கிய கிளப் இது. மரமேறிகள், குமாஸ்தா வீட்டுப் பையன்கள், மிஷன் கோயில் பையன்கள் சேர்ந்த அணி. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் தொடர்ந்து மூன்று வருடம் கோப்பை. இங்கு ஆடிய இருவர் போலீஸ் அணிவரை போனார்கள். எல்லாம் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, பார்த்துவிட்டேன்.

செயலாளர் சஜின் மரியாதையாக நாற்காலி போட்டார். ஆனால் கோப்பையை மேல் தட்டில் வைக்கச் சொன்னதும் அசைந்துகொடுக்கவில்லை.

"அம்மா, சார் களியக்காவிளைக்காரரு. எல்லைக்கு அந்தப் பக்கம். அப்போ கெஸ்ட்டு தானே?"

"சைக்கிளில் வந்து ஆடினார். ஒரு பைசா வாங்கியதில்லை."

"அதுக்கு சாட்சி வேணுமே அம்மா."

மாலை ஆட்டத்துக்கு வலை முடைந்துகொண்டிருந்த பழைய கோல்கீப்பர் தங்கையன் தலை நிமிர்ந்தார். "எலே சஜின், கெஸ்ட்டு எவனாவது போஸ்டு சொமப்பானாலே?"

ஆட்டத்தன்று கமுகு வெட்டி, தோளில் சுமந்து, வயலில் கோல் போஸ்ட் நடுவது சொந்த ஆட்டக்காரர்களின் வேலை. கூலிக்கு வந்தவர்களை அதைத் தொடவே விடமாட்டார்கள்.

"இந்த அக்காவுக்க வீட்டுக்காரரு முன்னால பிடிப்பாரு, நான் பொறத்தால. அவரு நெட்டையன், நான் குட்டையன். பாரம் முழுக்க எனக்காக்கும்!"

சஜின் சிரித்துவிட்டார். அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில் இடமில்லை. நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். அவர் போன வருடம் தாமே கேப்டனாக வென்ற கோப்பையைக் கீழே இறக்கினார்.

"இதுல ரெண்டு பேரு காசுக்கு வந்த மலப்புறத்துக்காரனுவ" என்றார், என்னைப் பார்க்காமல்.

"மக்கா, இப்பளாவது சொன்னியே" என்றார் தங்கையன்.

என் கணவரின் கோப்பையை என் கையாலேயே மேலே வைத்தேன்.

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள், மாலையில் ஆட்டக் கூட்டத்தில் அறைக்குள் நுழைய முடியாது. பக்கத்தில் ஹோட்டல் கிடையாது, சாப்பாடு கொண்டுபோங்கள். மேல் தட்டோடு திரும்பிவிடாதீர்கள். கீழ்த் தட்டில், வலது ஓரத்தில், சஜின் இறக்கிவைத்ததையும் நின்று பாருங்கள். அதையும் மரியாதையோடு பார்க்க வேண்டும்.