ஆறு பாட்டுக்கு ஒரு ஞாயிறு

நுவரெலியாவுல ஜாஸ் பாடிப் பொழைக்கிறவளுக்கு ரெண்டு எதிரிங்க: ஒண்ணு குளிர், இன்னொண்ணு சூப். நாம உருகிப் பாடுற எடத்துலதான் நாலு மேசையில உறிஞ்சுற சத்தம் கேக்கும். நாலு பேர் முன்னாடி நின்னு வாயைத் தொறக்குற தொழில் உங்களுக்கும்னா, என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஒரே ஒரு நாள்

ஒரு ஹோட்டல்ல நான் பாடுறேன். சேவியர் மாஸ்டர் பியானோ வாசிக்கிறார். கொட்டகலையில சர்ச்சுக்கு ஆர்கன் வாசிக்கிறவரும் அவர்தான். அவர் மெட்டு, என் வரி. ஆறு மாசம் சண்டை போட்டுத் தமிழ்ல ஆறு ஜாஸ் பாட்டு கட்டினோம். அதைப் பாட மேனேஜர்கிட்ட அனுமதி கேட்டா, மனுசன் கரண்ட் அடிச்ச மாதிரி நின்னுட்டார். அப்புறம் சொன்னார்: "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம, பகல் சாப்பாட்டு நேரம் தாறேன் மிஸ். ஒரு மேசை எந்திரிச்சுப் போனாலும், பொறகு எப்பவும் இங்கிலீஷ் பாட்டுதான்."

மூணு விதம்

மொதல் பாட்டு எங்கம்மாவைப் பத்தினது. பேரு ராசாத்தி, வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துல இன்னைக்கும் கொழுந்து பறிக்குது. அது இருக்குற லயத்து வீட்டுக்குப் போய்ப் பாடிக் காட்டினேன். ஜாஸ்ல ஒரே பாட்டைத் தடவைக்குத் தடவை மாத்திப் பாடுறதுதான் அழகு. மூணு தடவை பாடினேன், மூணு விதமா. அம்மா மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. சந்தோசத்துல அழப்போகுதுனு நெனச்சேன். கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு: "நாளு நெருங்கிருச்சு, இன்னும் ஒனக்குப் பாட்டு பாடமாகலயாடி?"

முத்தத்துக்கு அப்புறம்

மாஸ்டர் எதை வாசிச்சாலும், முடிக்கிறப்ப கை தானா 'ஆமென்' பாடுற எடத்துல போய் நிக்கும். ஒருநாள் சாயந்தரத் தேத்தண்ணி நேரத்துல ஹோட்டல்லயே ஒத்திகை பாத்தோம். முத்தத்துல முடியுற காதல் பாட்டு. முத்தம் முடிஞ்சுச்சு, ஆமெனும் வந்துச்சு. எதிர் மேசையில ஒரு அம்மா கேக்கைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுச் சிலுவை போட்டுக்கிட்டாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு! நேரா என்கிட்ட வந்து கேட்டாங்க: "நல்ல பிரார்த்தனை மகள். இனி சாப்பிடலாம்தானே?"

பியானோவுக்கு வைத்தியம்

அந்த ஞாயிறு போய் நின்னா, மேனேஜர் மொகமெல்லாம் சிரிப்பு. எங்களுக்காகக் கொழும்புலேருந்து ஆள் கூட்டியாந்து பியானோவுக்குச் சுருதி சேத்துட்டாராம். மாஸ்டர் ஒரு கட்டையை அமுக்கினார். மொகம் வெளுத்துப்போச்சு. ஈரம் பட்டு அது பல வருசமா சுருதி எறங்கியே கெடந்திருக்கு. தெனம் கேட்டுக் கேட்டு எங்க காதும் அதோட எறங்கிருச்சு. ஆறு பாட்டும் அதுலதான் பொறந்துச்சு. இப்ப சுருதி ஏறிருச்சு, உச்சத்து வரி என் தொண்டைக்கு எட்டாது. "எறக்கி வாசிங்க மாஸ்டர்!"னேன். அந்தக் குளிர்லயும் அவருக்கு வேர்த்துக் கொட்டுது. "வெரல் பழகின எடத்துக்குத்தான் போகும் தங்கச்சி. இப்ப மாத்தினா ரெண்டு பேருமே கவுந்துருவோம்."

அடுத்த மலையிலேருந்து

மொதல் பாட்டு. உச்சத்து வரி, 'ராசாத்தி, கூடையை எறக்கு'. வாயைத் தொறந்தேன், குரல் ஒடைஞ்சுருச்சு. ஒரு மேசையில நாற்காலியைப் பின்னால தள்ளுறாங்க. போச்சு, ஆறு மாசமும் போச்சு! என்ன செய்றதுனு தெரியாம, கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க மலைக்கு மலை கூப்பிடுவாங்களே, அப்படிக் கத்திட்டேன்: "ராசாத்தீ... கூடையை எறக்கு!"

மலையில பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் குடுத்தே ஆகணும். இல்லாட்டி சறுக்கி விழுந்துட்டாளோனு ஆள் தேடி ஓடும். மூலை மேசையில, நான் கூட்டியாந்து ஒக்கார வச்சிருந்த எங்கம்மா, சூப் கரண்டியோட துள்ளி எந்திரிச்சு, அடிவயித்துலேருந்து குரல் குடுத்துச்சு: "ஓய்ய்! இந்தா எறக்கிட்டேன்!"

கரண்டிச் சத்தம் ஒண்ணு கூட இல்ல. எந்திரிச்ச மேசைக்காரங்க நின்னபடியே கைதட்ட, சபை முழுக்கக் கைதட்டுச்சு. மிச்சம் அஞ்சு பாட்டும் பாடி முடிச்சோம், ஒருத்தரும் போகல. அம்மா வெக்கத்துல முந்தானையால மொகத்தை மூடிக்கிச்சு. மேனேஜர் ஓடி வந்தார். "இனி எல்லா ஞாயிறும் ஒங்களுக்குத்தான் மிஸ். ஆனா அந்த அம்மாவும் வரணும்."

ஆறு மாசம் ரெண்டு பேர் மண்டையைப் பிச்சுக்கிட்டுக் கட்டின பாட்டுல, சனங்க திரும்பத் திரும்பக் கேக்குறது நாங்க எழுதாத அந்த ஒத்த வரியைத்தாங்க.